பயணம் போகாதோர் ஓய்வறை

எங்கள் விமான நிலையத்தின் கையேட்டுக்கு ‘வரலாறும் வசதிகளும்’ என்று பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆண்டுக்கு ஒரு பதிப்பு. கையேட்டுப் பிரிவில் இருப்பது நான் ஒருத்திதான். பத்தொன்பது பதிப்புகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு பக்கமும் எழுதியதில்லை. போன ஆண்டுப் பதிப்பை எடுப்பேன். ஆண்டை மாற்றுவேன். பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டுவேன். அச்சகத்துக்கு அனுப்புவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார்.

யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை. புதிதாக வந்த மேலாளர் படித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டார். மேசையில் கையேடு விரிந்திருந்தது. ஒரு பத்திக்குப் பக்கத்தில் பென்சில் கோடு.

“வசதி எண் அறுபத்தொண்ணு. படிங்க.”

படித்தேன். “பயணம் போகாதோர் ஓய்வறை. இரண்டாம் தளம், 22ஆம் வாசலுக்கும் 23ஆம் வாசலுக்கும் நடுவில். நாற்பது இருக்கைகள். அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. மிகுந்த வரவேற்பைப் பெற்றது.”

“நேத்து சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அங்க செவுரு இருக்கு.”

“ஆமா சார்.”

“செவுத்துக்குப் பின்னாடி?”

“ஒண்ணும் இல்ல சார். அது வெளிச்செவுரு. அந்தப் பக்கம் பத்து மீட்டர் கீழ விமானம் நிக்கும்.”

“அப்ப ஓய்வறை எங்க?”

அதுவரை அந்தச் சுவரையும் அந்த வரியையும் நான் சேர்த்து நினைத்ததில்லை. இரண்டும் எனக்குத் தெரியும். தனித்தனியாகத் தெரியும்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “திங்கக்கிழமை தர நிர்ணயக் குழுவுலேர்ந்து ஒரு அதிகாரி வர்றாங்க. கையேட்டைக் கையில வச்சுக்கிட்டு நூத்திப்பதினெட்டு வசதியையும் ஒண்ணொண்ணா எண்ணுவாங்க. ஒண்ணு பொய்யா இருந்தாலும் நமக்கு ஒரு நட்சத்திரம் போயிடும். போச்சுன்னா உங்க பிரிவை மூடிடுவேன். குவார்ட்டர்ஸைப் பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

குவார்ட்டர்ஸ் என் வேலையோடு வந்தது. ஓடுபாதையின் தெற்கு முனைக்கு எதிரில் இரண்டு அறை, ஒரு கூடம். என் வீட்டுக்காரர் நிலையத்துக்குள் பஸ் ஓட்டுகிறார். வாசலிலிருந்து விமானம் வரை, நானூறு மீட்டர். இருபது ஆண்டுகளில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். வளாகத்தின் கேட்டைத் தாண்டியதில்லை. அவருடையது ஒப்பந்த வேலை. அதற்கு வீடு கிடையாது. கூடத்தில் ஒரு சோபா. சோபாவில் என் கொழுந்தன். மூன்று ஆண்டுகளாக ஏதோ ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறான். வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அவனுக்குப் படுக்க வேறு சோபா இல்லை.

பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போனேன். முதல் பதிப்பின் கோப்பைத் தேடி எடுத்தேன். தூசி தும்மலாக வந்தது. உள்ளே, நூலால் கட்டிய தாள்களுக்கு நடுவில், முதல் கையேட்டை எழுதியவரின் குறிப்பு ஒன்று இருந்தது.

‘அறுபத்தொன்று உண்மையல்ல. நம் கையேட்டைப் பார்த்து மற்ற விமான நிலையங்கள் எழுதுகின்றன என்று சந்தேகம். அவர்களுடைய கையேட்டிலும் இது வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். எனக்குப் பின் வருபவரிடம் சொல்லவும்.’

யார் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் அறுபத்தொன்றைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து நான் எழுதினேன்.

அதோடு நின்றிருந்தால் பழியை அவர்கள்மேல் போட்டிருக்கலாம். பழைய பதிப்புகளையும் புரட்டினேன். ‘அண்மையில் புதுப்பிக்கப்பட்டது’ என் ஏழாவது பதிப்பில் வருகிறது. அந்த ஆண்டு கையேடு வாடிப்போய் இருக்கிறது என்றார்கள். பதினைந்து வசதிகளுக்கு அந்த வாக்கியத்தைச் சேர்த்தேன். ‘மிகுந்த வரவேற்பைப் பெற்றது’ பன்னிரண்டாவது பதிப்பில். அது அறுபத்தொன்றுக்கு மட்டும். பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

மறுநாள் மேலாளர், “அந்த வசதியை எடுத்துடுங்க” என்றார்.

“எடுக்கணும்னா நீக்கல் படிவம் வேணும் சார். அதுல வசதிப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும்.”

“யாரு பொறுப்பாளர்?”

“இல்லாத வசதிக்கு யாரு சார் பொறுப்பாளர்?”

“ஒருத்தரைப் போடுங்க. கையெழுத்து வாங்குங்க. வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

மாதத்துக்கு ஓர் அவசர நியமனம் செய்ய மேலாளருக்கு அதிகாரம் உண்டு. உடனே வரக்கூடியவன், வேறு வேலை இல்லாதவன், சொன்னால் கேட்பவன் வேண்டும். முதல் இரண்டுக்கும் என் வீட்டிலேயே ஆள் இருந்தது.

வியாழக்கிழமை காலை கொழுந்தனுக்கு அடையாள அட்டை போட்டார்கள். ‘பொறுப்பாளர், வசதி 61.’ கழுத்தில் மாட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தான். நீக்கல் படிவத்தை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன்.

“படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன் அண்ணி.”

“அதுல படிக்க ஒண்ணும் இல்ல தம்பி.”

“அப்ப இடத்தையாவது பார்க்கணும்.”

“அது செவுரு.”

“செவுருதான். பார்க்கணும்ல?”

பேனாவை மூடி மேசையில் வைத்தான். என் மேசையிலிருந்த கையேடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனான். மதியம் வரவில்லை. நாலு மணிக்கு நானே தேடிப் போனேன்.

22ஆம் வாசலுக்கும் 23ஆம் வாசலுக்கும் நடுவில் சுவர். சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் பை. பக்கத்தில் என் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்பதைப் பார்த்து நாளாகிவிட்டதால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னான். “கழிப்பறையில நாலு மணி நேரம் நின்னிருக்காரு அண்ணி. டிக்கெட் இருக்கு. சோதனையெல்லாம் முடிச்சு, வரிசையில நின்னு, கடைசில போகல.”

“விமானத்தைத் தவறவிட்டுட்டாரா?”

“தவறவிடல. கண்ணு முன்னாடிதான் நின்னுச்சு. போகல.”

“ஏன்?”

“அதைக் கேக்கறது நம்ம வேலை இல்ல.”

நம்ம வேலை என்றான். மூன்று ஆண்டுகளில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

விமானத்தைத் தவறவிட்டவருக்கு எங்களிடம் படிவம் இருக்கிறது. தவறவிடாமல் போகாதவருக்குப் படிவம் இல்லை. அவரை எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியாது. கொழுந்தன் இதை அரை நாளில் கண்டுபிடித்திருந்தான். அறிவிப்புக் கூண்டுக்குப் போய் மைக் அக்காவிடமே கேட்டிருக்கிறான். நிலையத்தின் அறிவிப்புகள் எல்லாம் அந்த அம்மாவின் குரல்தான். கூண்டுக்கு வெளியே யாரும் அவரைப் பார்த்ததில்லை.

“கடைசி அழைப்புன்னு பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே அக்கா, அவங்கள்லாம் வந்துடறாங்களான்னு கேட்டேன். ஒரு நாளைக்குப் பதினோரு பேர் வர்றதில்லயாம். முப்பது வருஷமா பதினோரு பேர். அப்புறம் எங்க போறாங்கன்னு கேட்டேன். கூப்பிடறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க.”

எங்கள் வீட்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சு நிற்கும். தலைக்கு மேல் விமானம் போகும். போன பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். பழகிவிட்டது. சண்டைகூட அப்படித்தான். பாதியில் நிறுத்தி, காத்திருந்து, மீதியைப் போடுவோம்.

அன்று மாலை படிவத்தைக் கூடத்துக்கே கொண்டுவந்தேன்.

“தம்பி, விளையாடாத. வீடு போயிடும். இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

“அண்ணி, என்னைப் பொறுப்பாளர்னு போட்டீங்க. பொறுப்பில்லாம கையெழுத்துப் போடச் சொல்—”

விமானம் போனது.

“—றீங்களே.”

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “மூணு வருஷமா பொறுப்பு வரணும், பொறுப்பு வரணும்னு உயிரை எடுத்தோம். வந்துடுச்சு. அனுபவி.”

“நீங்க எந்தப் பக்கம்?” என்றேன்.

“நான் பஸ் ஓட்டறவன். ரெண்டு பக்கமும் போய்ட்டு வந்துடுவேன்.”

கொழுந்தன் கையேட்டைப் பிரித்தான். வரலாற்றுப் பகுதி. அவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான், படுத்துக்கொண்டல்ல.

“இதைப் படிச்சிருக்கீங்களா அண்ணி?”

“பத்தொன்பது தடவை அச்சுக்கு அனுப்பியிருக்கேன்.”

“படிச்சிருக்கீங்களா?”

அவன் வாய்விட்டுப் படித்தான். இந்த இடம் செங்கல் சூளைகள் இருந்த பொட்டல். ஒரு நாள் மதியம், வழி தவறிய விமானம் ஒன்று இறங்கியது. ஒன்பது பயணிகள். இறங்க முடிந்த தரையிலிருந்து கிளம்ப முடியவில்லை. கிளம்ப ஓடுபாதை தேவைப்பட்டது. போட ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குள் ஒன்பது பேருக்காக ஒரு காத்திருப்புக் கூடம், சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், தபால் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. ஓடுபாதை முடிந்த அன்றே விமானம் கிளம்பிப் போய்விட்டது. கட்டியதெல்லாம் வீணாகக் கூடாது என்பதற்காக வேறு விமானங்கள் வரவழைக்கப்பட்டன. இரண்டாம் முனையம், முதல் முனையத்தில் யாரும் எடுக்காமல் விட்ட பெட்டிகளை வைப்பதற்காகக் கட்டப்பட்டது. மூன்றாம் முனையத்துக்கான காரணம் ஆராயப்பட்டு வருகிறது.

“இங்க பாருங்க. ‘ஒன்பது பயணிகளில் ஏழு பேர் மகிழ்ச்சியுடன் விமானம் ஏறினர்.’ மிச்ச ரெண்டு பேர்?”

வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். “ரெண்டு பேர் குறையுதா?”

“குறையுது. எங்க உட்கார்ந்தாங்க அண்ணி, அந்த ரெண்டு பேரும்?”

விமானம் போனது. போன பிறகு நான் படிவத்தை மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் படிவத்தைக் கேட்டார்.

“கையெழுத்துப் போட மாட்டேங்கறார் சார்.”

“வேலையை விட்டு எடுங்க.”

“எடுத்தா மறுபடியும் பொறுப்பாளர் இல்ல சார்.”

“வேற ஆளைப் போடுங்க.”

“இந்த மாசத்து அவசர நியமனம் முடிஞ்சுபோச்சு.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்தார். “அப்ப ஒரே வழிதான். திங்கக்கிழமைக்குள்ள அது அங்க இருக்கணும்.”

“அறை வைக்க இடம் இல்ல சார். செவுத்தை இடிச்சா ஆகாயம்.”

“நாப்பது இருக்கைன்னு எழுதியிருக்கீங்க. இருக்கையாவது இருக்கட்டும்.”

பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாகக் கையேடு எனக்கே உதவியது. வசதி எண் 97: பழுதான இருக்கைகள் கிடங்கு. அது உண்மையிலேயே இருந்தது. சனிக்கிழமை முழுக்க நானும் கொழுந்தனும் நாற்காலிகளைப் பொறுக்கினோம். ஒன்றுக்குக் கை இல்லை. ஒன்றுக்கு முதுகு இல்லை. பெட்டி தள்ளும் வண்டியில் மூன்று மூன்றாக ஏற்றி, தானே நகரும் நடைபாதை வழியாகக் கொண்டுபோனோம். கையேட்டின்படி நிலையத்தில் அந்த நடைபாதை மொத்தம் மூன்று கிலோமீட்டர் நூற்றிருபது மீட்டர். நகர்ந்தது அதில் பாதிதான். மீதியில் நாங்கள்தான் நகர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சுவருக்கு முன்னால் நாலு வரிசை, வரிசைக்குப் பத்து. கொழுந்தன் ஒரு நாற்காலியைத் தள்ளுவான், எட்டி நின்று பார்ப்பான், மறுபடி இழுப்பான். வீட்டில் தன் போர்வையை மடிக்காதவன்.

வந்தார்கள். நாங்கள் அறிவிக்கவில்லை, பலகை வைக்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு பெண் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்து வெவ்வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை வந்தவர் அன்றைக்குப் புது டிக்கெட் எடுத்து, புதிதாகச் சோதனை முடித்து, நேராக வந்து தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “கடைசி வரிசையில ஓரமா ஒண்ணு ஒதுக்கி வைக்க முடியுமா தம்பி?” என்று கேட்டார். “முன்பதிவு கிடையாது சார்” என்றான் கொழுந்தன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்து இறங்கினார். அறுபதை நெருங்கிய பெண். சாம்பல் நிறக் கோட்டு, ஒரு பை, வலது கையில் எண்ணும் கருவி. எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் கிளிக் என்று ஒரு முறை அழுத்தும். மேலாளர் அவர் பக்கத்தில், நான் ஓரடி பின்னால்.

குடிநீர்க் குழாய் முந்நூற்று நாற்பது. கிளிக், கிளிக். பாலூட்டும் அறை, புகைபிடிக்கும் அறை, முதலுதவி, குதிரைகள் தங்கும் கொட்டகை. சக்கர நாற்காலிகளில் ஒன்று குறைந்தது. தேடினால் மேலாளரின் அறையில் அதன்மேல் கோப்புகள் இருந்தன. வீட்டுக்காரரின் பஸ்ஸில் ஏறினார். தொங்கும் பிடிகளை எண்ணினார்.

“எவ்வளவு வருஷமா ஓட்டறீங்க?”

“இருபது வருஷம் மேடம்.”

“தூரம்?”

“நானூறு மீட்டர் மேடம்.”

“எனக்கு இருபத்தேழு வருஷம்,” என்றார் அவர். “வருஷத்துக்கு இருநூறு விமானம்.”

மதியம் ஒன்றரைக்கு அறுபத்தொன்று வந்தது. நாற்காலிகளில் பதின்மூன்று பேர். கொழுந்தன் கைகளைப் பின்னால் கட்டி நின்றான்.

அதிகாரி எண்ணினார். நாற்பது கிளிக்.

“கதவு எங்க?”

“கதவு வச்சா உள்ள வரத் தயங்குவாங்க மேடம்,” என்றான் கொழுந்தன்.

அதிகாரி அவனைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் சொன்னார். “இதே வசதியை நான் ஏழு விமான நிலையத்துல பார்த்திருக்கேன். ஏழுலயும் நாப்பது இருக்கை. நல்ல கதவு, நல்ல விளக்கு. ஒருத்தர்கூட இருந்ததில்ல. எதுக்குக் கட்டினீங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியல. எங்கயோ கையேட்டுல பார்த்தோம்னாங்க.”

முதல் கையேட்டை எழுதியவர் வைத்த பொறியில் ஏழு விமான நிலையங்கள் விழுந்திருந்தன. விழுந்ததோடு நிற்காமல் கட்டியும் விட்டன. இதைச் சொல்ல இப்போது அவர் இல்லை.

“மூலமே நாங்கதான் மேடம்,” என்றார் மேலாளர். நெஞ்சு சற்று நிமிர்ந்திருந்தது.

அதிகாரி கையேட்டைத் திறந்தார். “‘அண்மையில் புதுப்பிக்கப்பட்டது.’ அதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைக் காட்டினேன். “இப்படி இருந்தது மேடம்.”

“‘மிகுந்த வரவேற்பைப் பெற்றது.’ யார் எழுதின வரி இது?”

“நான்தான்.”

“பார்த்து எழுதினீங்களா?”

மேலாளர் தொண்டையைச் செருமினார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. பதின்மூன்று பேர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். வீடு, கூடம், சோபா எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் கை இல்லாத நாற்காலியை முழங்காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், அதிலிருந்த பெண் சாயாமல் இருக்க.

“இல்ல மேடம். அச்சடிக்கறப்ப இது இல்ல. போன வியாழக்கிழமை வரைக்கும் இல்ல.”

அதிகாரி அறிக்கையைப் பிரித்து எழுதினார். மூன்று வரி. மடித்துப் பைக்குள் வைத்தார். “அறிக்கையை நான் நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தாதான் செல்லும். நாலு நாப்பது விமானம். நாளைக்குக் காலையில அங்க இருக்கும்.”

மேலாளர் அவருக்கு வணக்கம் சொன்னார். என் பக்கம் திரும்பினார். “பதினஞ்சு நாள்” என்றார். போய்விட்டார்.

மீதி ஐம்பத்தேழு வசதிகளையும் அதிகாரி என்னோடு எண்ணி முடித்தார். மூன்றரை ஆனது. விமானம் 23ஆம் வாசலில். அங்கே இருக்கைகள் நிறைந்திருந்தன. சுற்றிலும் பார்த்தார். பிறகு நாலடி நடந்து, எங்கள் மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பையை இப்படி வைங்க மேடம், கால்ல இடிக்காது,” என்றான் கொழுந்தன். வேறெதுவும் கேட்கவில்லை.

நான் என் அறைக்குப் போயிருக்க வேண்டும். மேசையைக் காலி செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். போகவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அதிகாரி செருப்பைக் கழற்றினார். ஒரு காலை மற்றொன்றின் மேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. எதையும் எண்ணவில்லை. கட்டைவிரல் சும்மா இருந்தது.

நாலு மணிக்கு வாசல் திறந்தது. வரிசை நகர்ந்தது, தீர்ந்தது. அந்த விமானம் தள்ளி நின்றதால் பஸ் வைத்திருந்தார்கள். நாலு பதினைந்துக்கு வீட்டுக்காரர் என்னை போனில் கூப்பிட்டார்.

“கீழ பஸ்ஸோட நிக்கறேன். ஒரு ஆள் குறையுது. அந்த எண்ணற அம்மாதான். பார்த்தியா?”

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“எங்க?”

“மூணாவது வரிசையில.”

பிறகு கேட்டார். “அறிக்கை?”

“பைக்குள்ள.”

“பை?”

“நாற்காலிக்கு அடியில.”

“நான் கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன்,” என்றார். “வேணும்னா கொஞ்சம் மெதுவா மூடறேன். வேணாம்னா சீக்கிரம் மூடறேன். நீ சொல்லு.”

மைக் அக்காவின் குரல் வந்தது. அதிகாரியின் பெயரைச் சொல்லி, கடைசி அழைப்பு என்றது. கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள். மூன்றாம் வரிசையில் அசைவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். தூங்கினால் என் குற்றமில்லை. எழுப்புவது என் வேலையில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

“மெதுவா மூடுங்க,” என்றேன். போய் அவர் பக்கத்தில் குனிந்தேன். “மேடம், உங்க விமானம்.”

கண்கள் திறந்தே இருந்தன.

“தெரியும்” என்றார்.

“உங்க பேரைத்தான் சொல்றாங்க.”

“கேட்டுது.”

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். கொழுந்தன் என் தோளைத் தொட்டு விலகச் சொன்னான். “அண்ணி, இங்க யாரையும் ஏன்னு கேக்கறதில்ல. அன்னைக்கே சொன்னேன்ல.”

ஜன்னல் வழியாகப் பஸ் கிளம்புவது தெரிந்தது. நானூறு மீட்டரை அவ்வளவு மெதுவாக அவர் கடந்ததில்லை.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை. அறிக்கை வராமல் நட்சத்திரம் குறையாது. நட்சத்திரம் குறையாமல் பிரிவை மூட முடியாது. மேலாளர் ஐந்து கடிதம் எழுதினார். ‘தங்கள் நிலையத்தின் ஆய்வு இன்னும் நிறைவடையவில்லை, அதிகாரி அங்கேயே இருக்கிறார்’ என்று ஐந்துக்கும் பதில் வந்தது. பதினைந்து நாள் இன்னும் தொடங்கவில்லை.

தர நிர்ணயக் குழு அவருக்குத் தினமும் டிக்கெட் போடுகிறது. தினமும் நாலு நாற்பது. விதிப்படி அவர் ஒருமுறை வெளியே போய், சோதனை முடித்து, உள்ளே வர வேண்டும். காலையில் வளாகத்து விடுதியிலிருந்து கிளம்பி, பத்து மணிக்குள் நாற்காலிக்கு வந்துவிடுகிறார். மைக் அக்கா மூன்று முறை கூப்பிடுகிறார். வியாழக்கிழமைக்காரர் அந்த நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்வார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், எங்கள் வீட்டைப்போல.

போன வாரம் புதிய பதிப்பின் அச்சுப்படி வந்தது. ஆண்டை மாற்றினேன். பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டினேன். அறுபத்தொன்றுக்கு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்பதை அடித்தேன். ‘மிகுந்த வரவேற்பு’ என்பதையும் அடித்தேன். ‘சுவருக்கு முன்னால்’ என்று எழுதினேன். ‘கதவு கிடையாது’ என்று எழுதினேன். நாற்காலிகளை எண்ணினேன். கொழுந்தன் கிடங்கிலிருந்து ஒன்று கூடுதலாகக் கொண்டுவந்திருந்தான். ‘நாற்பத்தொரு இருக்கைகள்.’

அச்சுப்படியை அதிகாரி கேட்டு வாங்கிப் படித்தார். பைக்குள் கை விட்டார். எண்ணும் கருவியைத்தான் எடுத்தார். நாலு வரிசையையும், ஓரத்தில் தனியாக இருந்த ஒன்றையும் பார்த்துக் கட்டைவிரலை அழுத்தினார். கடைசியில், நின்றுகொண்டிருந்த கொழுந்தனிடம் வந்து நிறுத்தினார்.

“நாப்பத்திரண்டா ஆக்குங்க. இந்தத் தம்பி ஏழு மாசமா நின்னுக்கிட்டே இருக்காரு.”

“எனக்கு எதுக்கு மேடம்?” என்றான் கொழுந்தன். “நான் வேலைக்கு வந்தவன்.”